கம்பளிக் காலணியும் கடலோர மழையும்

கம்பளி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன இமயச் சாரலும், உதகையும், தில்லி மாநகரின் தைமாதக் குளிருமே ஆகும். திருவனந்தபுரம் தோன்றுவதில்லை. மாசி பிறக்குமுன்பே வியர்வை பெருகத் தொடங்கும் அந்நகரில் கம்பளிக்கு என்ன வேலை என்று வினவுவோர், கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைப் பகுதியிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழும் தெருக்களில் ஒருமுறை நடந்து, வாயிற்படியோரம் கழற்றி வைக்கப்பட்டிருக்கும் காலணிகளைச் சற்று உற்று நோக்குவாராக. ரப்பர்ச் செருப்புக்கும் தோற்செருப்புக்கும் நடுவே, சாம்பல் நிறத்தில், தோலும் அன்று, கான்வாஸும் அன்று என்னும்படியான மென்மையான ஒருவகைக் காலணியை இப்பொழுது ஆங்காங்கே காணலாம். அதன் மேற்பாகம் முழுவதும் ஆட்டுமயிர்.

மெரினோ என்னும் சாதி ஆட்டின் மெல்லிய மயிரால் நெய்யப்பட்ட ஓட்டக் காலணியை உலகறியச் செய்தவர், நியூஸிலாந்து நாட்டின் முன்னாள் கால்பந்து வீரரான டிம் பிரவுன் என்பவர். அவரும் அவர் தோழரும் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோவில் தொடங்கிய நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் இக்காலணியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன்பின் பலரும் அவ்வழியிற் சென்றனர். வெளிநாட்டில் பணிபுரியும் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது தந்தைக்கென வாங்கி வருவதும், கழக்கூட்டத்து டெக்னோபார்க்கில் வேலைசெய்யும் இளைஞர் தாமே தருவித்துக்கொள்வதும் இன்று வியப்புக்குரியன அல்ல. கம்பளி குளிருக்கு மட்டும் உரியது என்பது நம் எண்ணமேயன்றி உண்மையன்று. வியர்வையை உறிஞ்சி வெளிக்காற்றுக்கு விடும் ஆற்றல் அதற்கு உண்டு. நாற்றமும் எளிதில் பற்றாது. வெப்பநாட்டுக் காலுக்கும் அது ஏற்றதே.

இடர்ப்பாடு அணிவதில் இல்லை, அழுக்கானபின் தொடங்குகிறது. விலை சிறியதன்று, ஒரு சிறு குடும்பத்தின் ஒருமாத மளிகைச் செலவை விழுங்கக்கூடியது. அத்தகைய பொருள் பெரும்பாலும் தேய்ந்து அழிவதில்லை. வீட்டில் உள்ளோர் அன்புடனும் அக்கறையுடனும் ஒருநாள் நன்றாகத் துவைத்து வைக்கின்றனர். அந்த ஒரு துவைப்பிலேயே அது போய்விடுகிறது. ஒன்பதாம் எண் காலுக்கு வாங்கியது எட்டாம் எண் காலுக்கும் நுழையாத கட்டையாகிவிடுகிறது; அல்லது உலராமல் உட்புறம் பூசணம் பிடித்துக் குப்பைக்குச் செல்கிறது. இவ்விரண்டும் ஏன் நிகழ்கின்றன என்பதை அறிந்துகொண்டால், காக்கும் வழி தானே புலப்படும்.

பருத்தி என்பது செடியின் நார். கம்பளியோ விலங்கின் மயிர். நம் தலைமயிரும் நகமும் எப்பொருளால் ஆனவையோ, அதே கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. ஓர் இழையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், அதன் மேற்பரப்பு வழவழப்பாக இராது. ஓட்டுக்கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுபோல் நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அச்செதில்களின் விளிம்புகள் யாவும் இழையின் நுனியை நோக்கியே நிற்கும். ஆதலின் அடியிலிருந்து நுனிநோக்கி உருவினால் வழுக்கும். நுனியிலிருந்து அடிநோக்கி உருவினால் தடுக்கும். நம் தலைமயிர் ஒன்றை இரு விரலிடை வைத்து இருபுறமும் உருவிப் பார்த்தால் இவ்வேறுபாட்டை ஓரளவு உணரலாம்.

இனி, கம்பளியை வெந்நீரிலிட்டுச் சோப்பும் சேர்த்துக் கசக்கினால் என்ன ஆகும்? வெப்பத்தாலும் நீராலும் இழை ஊறி நெகிழும்; செதில்கள் விரிந்து கொடுக்கும். ஒவ்வொரு கசக்கலிலும் இழைகள் ஒன்றையொன்று உரசிச் சிறிது நகரும். முன்னோக்கி நகர்ந்தவை செதில்கள் மாட்டிக்கொள்வதால் பின்னோக்கித் திரும்புவதில்லை. இவ்வாறு நகர்ந்து நகர்ந்து இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி, துணி சுருங்கித் தடித்துவிடும். ஒருமுறை இறுகியதைப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொணர எவராலும் இயலாது. காசுமீரத்தில் நம்தா என்னும் விரிப்பைச் செய்வோர் இதே இயல்பைத்தான் தொழிலாகக் கொண்டுள்ளனர். தறியின்றி, நெசவின்றி, கம்பளியைப் பரப்பி, நீர் தெளித்து, சுருட்டி, மிதித்து உருட்டியே உறுதியான விரிப்பாக்கிவிடுகின்றனர். அங்கே கலையாக இருப்பது நம் துவைகல்லின்மேல் நிகழும்போது நட்டமாகிறது.

இங்குத் தமிழ்நாட்டு ஆடுகளைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். சமவெளியில் வளரும் நம் ஆடுகளின் மயிர் பெரும்பாலும் முரடானது, அல்லது கம்பளிக்கே உதவாதது. நீலகிரி ஆடு ஒன்றே இதற்கு விலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, ஷெவியட், ஸவுத்டவுன் ஆகிய அயல்நாட்டுச் சாதிகள் கலந்து உருவான மெல்லிய மயிராடு அது. உதகைக்கு அண்மையிலுள்ள சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அவ்வினத்தைப் பேணி வருகின்றனர். கொடைக்கானல் மலையின் மன்னவனூரில் நடுவண் ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளையும் உளது. மெரினோ நமக்கு முற்றும் அந்நியம் என்று கருதவேண்டா.

துவைப்பதற்கு வருவோம். முதற்கண் நீர். வெந்நீர் கூடாது என்றால் யாவரும் தலையசைப்பர். ஆனால் திருவனந்தபுரத்தில் மேனிலைத் தொட்டியின் நீரே பங்குனி, சித்திரை நண்பகலில் வெந்நீர்தான். குழாயைத் திறந்தவுடன் கையைச் சுடும் அந்நீரைத் ‘தண்ணீர்’ என்று நம்பிக் கம்பளியை நனைத்தல் ஆகாது. முப்பது டிகிரிக்கு மேற்படாத நீர் வேண்டும். விடியற்காலையில் பிடித்து வைத்த நீர் உதவும். அதனினும் சிறந்தது கிணற்று நீர். கேரளத்து வீடுகளில் கிணறு இன்றும் மறையாதது நம் நற்பேறு. இந்நாட்டின் செந்நிற வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளின் நீர் பொதுவாகக் கடினமற்றது. சிறிது அமிலச் சார்பும் உடையது. கம்பளிக்குக் காரமே பகை. மென்மையான அமிலம் பகையன்று. சென்னையின் உப்புக் கிணற்றில் துவைப்போர்க்குக் கிட்டாத வசதி இது. ஆயினும் இரும்புச்சத்து மிகுந்து, வாளியில் மஞ்சட்கறை படியச் செய்யும் கிணறாயின் வெளிர்நிறக் கம்பளிக்கு அது வேண்டா. மழைக்குப்பின் கிணற்றில் பிளீச்சிங் பொடி இடும் வழக்கமும் உண்டு. பொடி இட்ட அன்றைய நீரையும் விலக்குக.

அடுத்தது சோப்பு. துணி துவைக்கும் கட்டிச் சோப்பும் சலவைத்தூளும் காரத்தன்மை உடையன. பருத்தி வேட்டி அதனைத் தாங்கும். புரதமாகிய கம்பளி தாங்காது. காரத்தில் அது சிறிது சிறிதாகக் கரையும், முரடாகும். இன்றைய சலவைத்தூள்களிற் பலவற்றில் நொதிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. சட்டையிற் சிந்திய முட்டை, பால், இரத்தம் முதலிய புரதக் கறைகளை அரித்துப் போக்குதற்கென்றே சேர்க்கப்பட்டவை அவை. எது கறை, எது கம்பளி என்று பகுத்தறியும் அறிவு நொதிக்கு இல்லை. வெளுப்பு மருந்துகளிற் குளோரின் கலந்தவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. கம்பளியை மஞ்சளாக்கி, மிகுந்தால் கரைத்தே விடும்.

பின் எதனைக் கொள்வது? கம்பளிக்கென்றே விற்கும் திரவச் சோப்பு எல்லா நகரங்களிலும் கிடைக்கிறது. அது இல்லையெனில், கம்பளியும் மயிரே ஆதலின், குழந்தைகளின் தலைக்குப் பயன்படும் மென்மையான ஷாம்பு ஒரு தேக்கரண்டி போதும். நம் பாட்டிமார் பட்டுப்புடவைக்கு வைத்திருந்த பூந்திக்கொட்டையும் பழுதற்றது. அதன் நுரைக்குக் காரமில்லை. தில்லியில் வாழ்வோர் அதனையே ரீட்டா என்னும் பெயரால் அறிவர். வடநாட்டில் சால்வைகளை அதனாற் கழுவும் வழக்கம் நெடுநாளையது. கொட்டையை உடைத்து நீக்கி, தோலை இரவில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டிய நீரைக் கொள்ளவேண்டும். அந்நீர் பழுப்பு நிறமுடையதாகையால் வெண்ணிறக் காலணிக்கு ஏற்றதன்று. சாம்பல், கருநீலம் போன்றவற்றுக்கு ஏற்கும்.

இவ்வளவும் ஆயத்தம். துவைப்பின் முதற்செயலில் நீருக்கே இடமில்லை. திருவனந்தபுரத்துச் செம்மண்ணைப் பற்றி அறிந்தோர்க்கு இதன் காரணம் விளங்கும். மழையில் நடந்து வந்தவுடன் சேற்றின்மேல் ஈரத்துணியால் துடைத்தால், இரும்புத்துரு போன்ற அந்நிறம் இழைகளின் செதிலிடுக்குகளுட் சென்று தங்கிவிடும். சேறு தானே காய்ந்து பொருக்காகும்வரை பொறுத்திருந்து, பின்னர் மென்மயிர்த் தூரிகையால் ஒரே திசையில் தட்டி நீக்குதலே முறை. பழைய பல்துலக்கும் பிரஷ் இடுக்குகளுக்கு உதவும், வன்மையானது வேண்டா. பெரும்பாலான நாட்களில் இதுவே போதும், நீரே வேண்டுவதில்லை. வாரந்தோறும் துவைக்கும் பொருளன்று கம்பளி. அடிக்கடி தூசு தட்டுதலும், இரண்டுநாள் தொடர்ந்து அணியாமல் ஒருநாள் காற்றாட விடுதலுமே அதன் நீராட்டு.

ஓரிடத்தில் மட்டும் கறையாயின் அவ்விடத்தை மட்டும், சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த வெண்டுணியால், தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுக்கவேண்டும். செம்மண்ணின் மிச்ச நிறத்துக்குச் சில துளி எலுமிச்சைச் சாறு கலந்த நீர் ஓரளவு உதவும்; முற்றும் போக்கும் என்று உறுதிகூறலாகாது. எதனையும் முதலில் நாக்குப்பகுதியின் மறைவான உட்புறத்தில் ஒற்றி, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுதல் அறிவுடைமை. சங்குமுகம் கடற்கரையில் உலாவி வருவோர் கறையில்லை என்று வாளா இருத்தல் வேண்டா. கடலுப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். உப்பேறிய காலணி ஒருபோதும் நன்கு உலராது. மணலை உதிர்த்தபின் நல்ல நீர் தோய்ந்த துணியால் இருமுறை ஒற்றிவிட வேண்டும்.

முழுத்துவைப்பு தேவைப்படுங்கால், முதலில் உள்ளே தைத்திருக்கும் சீட்டைப் பார்க்க. தொட்டியும் அதனுட் கையும் வரைந்திருந்தால் கையாற் கழுவலாம் என்பது பொருள். தொட்டியின் குறுக்கே பெருக்கற்குறி இருந்தால் நீரில் இடவே கூடாது. சில நிறுவனத்தார் சலவை இயந்திரத்திலும் குளிர்நீரில், வலைப்பையிலிட்டு, மிக மென்மையான சுழற்சியில் இடலாம் என்கின்றனர். அவர்கள் செதில்களை மழுக்கும் பக்குவம் செய்த கம்பளியைக் கொண்டிருக்கக்கூடும். சீட்டில் அவ்வாறு எழுதியிராத காலணியை இயந்திரத்திடம் ஒப்படைப்பதை நாம் பரிந்துரையோம்.

நாடாவையும் உள்ளட்டையையும் கழற்றித் தனியே வைக்கவேண்டும். நாடாவைச் சாதாரணமாகக் கசக்கித் துவைக்கலாம். உள்ளட்டையின் மேற்புறமும் கம்பளியாயின் அதனை ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்தல் போதும். அடிப்பாகத்தை, மேற்பாகம் நனையாமல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் அழுந்தத் தேய்க்கலாம். அங்கே எந்த அச்சமும் இல்லை. பின்னர் அகன்ற வாளியில் நீரும் சோப்பும் கலந்து, காலணியை அமிழ்த்தி, உள்ளங்கையால் அழுத்துவதும் விடுவதுமாக ஐந்து நிமிடம் செய்க. பஞ்சை அழுத்துவது போன்ற அச்செயலில் அழுக்கு தானே நீருக்கு வரும். கசக்குதல், முறுக்குதல், கல்லில் அறைதல் மூன்றும் விலக்கு. கேரளத்து வீட்டு முற்றம் ஒவ்வொன்றிலும் துவைகல் ஒன்று கம்பீரமாக நின்று நம்மை அழைக்கும். இன்று ஒருநாள் அதனைப் பாராதிருத்தல் வேண்டும். அலசும் நீரும் கழுவிய நீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கவேண்டும். இரண்டு மூன்று முறை அலசி, கடைசி நீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால் எஞ்சிய காரம் நீங்கும், கம்பளியும் மென்மையாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. இது துணியைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. பெருமழை பெய்யும் நாட்களில் ஆமையிழஞ்சான் ஓடை நிரம்பித் தம்பானூர்ப் பகுதியில் நீர் தேங்குவதை அந்நகரத்தார் யாவரும் கண்டுள்ளனர். ரயில் நிலையத்திலிருந்தும் பேருந்து நிலையத்திலிருந்தும் வருவோர் அந்நீரில் இறங்கியே வீடு சேர நேரும். எலிகளின் சிறுநீர் கலந்த அத்தகைய நீரில் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் கிருமி இருக்கக்கூடும். மலையாளத்தில் அதனை எலிப்பனி என்பர். 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்துக்குப்பின் கேரளத்தில் அந்நோய் பரவிப் பலரைக் கொண்டுசென்றது. சிறு புண், வெடிப்பு, கண், வாய் வழியாக அக்கிருமி உடலுட் புகும். வெள்ளநீரில் நனைந்த காலணியைச் சேறு காயட்டும் என்று வைத்திராமல் அன்றே கழுவிவிட வேண்டும். முன்பு சொன்ன பொறுமை இங்கே பொருந்தாது. கழுவுபவர் ரப்பர்க் கையுறை அணிந்துகொள்ளவேண்டும். புண் உள்ள கையோடு வெறுங்கையாற் கழுவுதல் கூடாது. கம்பளியைக் கொதிக்க வைக்கவோ குளோரினில் இடவோ இயலாது எனினும் அஞ்சவேண்டுவதில்லை. அக்கிருமி சோப்புக்கும் முழு உலர்ச்சிக்கும் எளிதில் மடியக்கூடியது. நீரில் நடந்தவர் காய்ச்சல், தசைவலி கண்டால் வெள்ளநீரில் நடந்த செய்தியை மருத்துவரிடம் மறவாமற் கூறவேண்டும்.

கழுவுவது அரைமணி வேலை. உலர்த்துவதே உண்மையான வேலை. திருவனந்தபுரத்தில் கம்பளிக் காலணிகள் பெரும்பாலும் அழிவது இங்குத்தான்.

கம்பளிக்கு ஒரு வியத்தகு குணம் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழைக்குள் உறிஞ்சிக்கொண்டும், தொடுவோர் கைக்கு ஈரம் தோன்றாமல் இருக்கக்கூடியது அது. குளிர்நாட்டில் இக்குணம் வரம். இடவப்பாதி மழையில் இதுவே பொறி. வெளியே தொட்டுப் பார்த்து ‘காய்ந்துவிட்டது’ என்று எடுத்து அலமாரியில் வைப்பர்; உள்ளே விரல்நுனிப் பகுதியில் ஈரம் அப்படியே இருக்கும். ஜூன், ஜூலை மாதங்களில் அந்நகரின் காலைக் காற்றிலுள்ள ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டும். பூசணம் வளர 70 சதவீதமே போதும். நான்காம் நாள் திறந்தால், வெள்ளைத் துணியிற் கரும்புள்ளிகளாகத் தோன்றும் ‘கரிம்பன்’ நாடாவிலும், சாம்பற்பூச்சு காலணியின் உட்புறத்திலும் படர்ந்திருக்கும்.

ஆதலின் முதல் விதி, உலர்த்த வழியில்லாத நாளில் துவைக்காதிருத்தல். மகரம், கும்பம் ஆகிய மாதங்கள், அதாவது நம் தை, மாசி, முழுத்துவைப்புக்குச் சிறந்தவை. இடவம் முதல் கர்க்கடகம் வரையிலும், மீண்டும் துலாவர்ஷம் பெய்யும் ஐப்பசியிலும், வெள்ளநீர் பட்டாலன்றித் தூசு தட்டுதலோடு நிறுத்திக்கொள்க. துவைத்தே தீரவேண்டுமாயின், பிழியாமல் தடித்த பருத்தித் துவாலையிற் சுற்றி மேலே கையை ஊன்றி அழுத்துக. துவாலை நனைந்தால் வேறொன்று மாற்றுக. மூன்று துவாலை ஈரமானாலும் அதற்கு வருந்தவேண்டா. துவாலைகள் எளிதில் உலரும். பிறகு உள்ளே வெள்ளைத்தாளைச் சுருட்டித் திணித்து வடிவம் கெடாமல் நிறுத்தவேண்டும். செய்தித்தாள் வேண்டா, அச்சுமை கம்பளியில் இறங்கும். இரண்டு மூன்று மணிக்கொருமுறை தாளை மாற்றவேண்டும். மாற்றாத ஈரத்தாள் உலர்த்துவதற்குப் பதிலாக ஈரத்தைக் காத்துக்கொண்டிருக்கும்.

வெயிலில் வைக்கலாமா என்பர். கூடாது. கடும் வெயில் கம்பளியை மஞ்சளாக்கும், சாயத்தை வெளிறச் செய்யும்; அடிப்பாகத்தை ஒட்டிய பசையும் இளகும். அடுப்பங்கரை, மின்னடுப்பு, தலைமயிர் உலர்த்தும் கருவியின் சுடுகாற்று ஆகியவற்றுக்கும் இதுவே விடை. வேண்டுவது வெப்பமன்று, ஓடும் காற்று. தரையிலிருந்து சற்று உயர்த்தி, கம்பிவலை அல்லது மூங்கில் தட்டின்மேல் சாய்த்து வைத்து, மேசை விசிறியை எதிரே ஓடவிடுக. குளிர்சாதன அறை உள்ள வீடாயின் இரவில் அவ்வறையில் வைத்தல் மிக நன்று; அக்கருவி காற்றின் ஈரத்தையும் அல்லவா வெளியேற்றுகிறது? மழைக்காலத்தில் இரண்டு முழுநாளாவது பொறுத்திருக்க வேண்டும்.

கை ஏமாறும் என்றோம். அவ்வாறாயின் உலர்ந்ததை எவ்வாறு அறிவது? தராசால் அறியலாம். கழுவுமுன், நன்கு உலர்ந்த நிலையில், ஒரு காலணியைச் சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக்கொள்க. தராசின்மேல் ஒரு தாளை விரித்துக்கொண்டால் இல்லத்தரசியின் கோபத்துக்கு ஆளாக வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக 230 கிராம் இருந்ததாகக் கொள்வோம். கழுவி உலர்த்தியபின் 250 கிராம் காட்டுமாயின், கைக்கு எவ்வளவு உலர்ந்ததாகத் தோன்றினாலும், நாலு தேக்கரண்டி நீர் இன்னும் உள்ளே இருக்கிறது. பழைய எடைக்கு ஐந்தாறு கிராம் அளவில் வந்தபின்னரே உள்ளட்டையை இட்டு நாடா கோக்கலாம்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். யார் காலுக்கு அக்காலணி என்பதைக் கருதிப் பார்த்தால் அவ்வாறு எண்ணமாட்டார்கள். நீரிழிவு நோயாளர் மிகுந்த மாநிலங்களுள் கேரளம் ஒன்று. ஓய்வுபெற்ற தந்தையர் பலர் மருத்துவர் சொற்படி காலையில் நடப்பவர்கள்; அவர்களுக்கென்றே மெத்தென்ற காலணி வாங்கப்படுகிறது. நெடுநாள் நீரிழிவால் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர், காலணியுள் ஈரம் இருப்பதையே அறியார். அவ்வீரத்தில் விரலிடுக்குத் தோல் ஊறி வெளுத்து, சேற்றுப்புண் தோன்றும். அப்பிளவின் வழியே வேறு கிருமிகள் புகுந்தால் பாதத்தையே இழக்கும் நிலையும் நேரலாம். கம்பளிக் காலணியை வெறுங்காலில் அணியலாம் என்று விற்போர் கூறுவர். உடல்நலமுள்ள இளைஞர் அவ்வாறு அணிக. நீரிழிவுடையோர் நாள்தோறும் மாற்றும் பருத்தி அல்லது கம்பளிக் காலுறையோடு அணிதலும், அணியுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தலும், மாலையில் விரலிடுக்குகளை உலர்ந்த துணியால் ஒற்றுதலும் இன்றியமையாதவை. அவர்தம் காலணி ஈரமாக இருக்கும் நாளில் மற்றொன்று கைவசம் இருக்கவேண்டும்.

ஊருக்குச் செல்லும்போதோ, மழைக்காலம் முழுவதுமோ எடுத்துவைக்க நேர்ந்தால், பாலித்தீன் பையில் கட்டி வைக்காதீர்கள். பருத்திப் பையே தக்கது. எஃகு அலமாரியின் அடித்தட்டை விட மேல்தட்டு நன்று. புதுப்பொருள்களோடு வரும் சிலிக்கா மணிப்பொட்டலங்களை எறிந்துவிடாமல் சேர்த்து உள்ளே இடலாம். அந்துப்பூச்சியின் புழு கெரட்டினைத் தின்று வாழ்வது. அதிலும் வியர்வையும் அழுக்கும் பட்ட கம்பளியை விரும்பித் தின்னும். ஆகவே கழுவி உலர்த்திய காலணியையே நெடுநாள் வைக்கவேண்டும். அந்துருண்டை இடும் வழக்கம் உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டில் அது வேண்டா. இரத்தத்தில் ஒருவகை நொதிக்குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி கொடிய சோகையை உண்டாக்கும். புழு பற்றிய பொருளை இறுக்கமான உறையிலிட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் மடியும் என்பது அருங்காட்சியகத்தார் கையாளும் முறை. காலணிக்கும் அது பொருந்தும். ஆனால் மீனும் ஐஸ்கிரீமும் இருக்கும் பெட்டியில் அதற்கு இடம் தர எந்தச் சமையலறை உடன்படும் என்பதுதான் தெரியவில்லை.

திருவனந்தபுரத்தை முன்வைத்துக் கூறிய இவை, பிற ஊர்களில் வாழ்வோர்க்குச் சிற்சில மாற்றத்தோடு பொருந்தும். மாதுங்காவில் வாழும் பம்பாய்த் தமிழர்க்கும் கல்கத்தாவில் இருப்போர்க்கும் மழைக்கால விதிகள் அப்படியே ஏற்கும்; கிணற்று நீருக்குப் பதிலாகக் குழாய் நீரை இரவு முழுதும் வாளியில் வைத்திருந்து கொள்ளலாம். கரோல்பாகில் வாழ்வோர்க்கு உலர்த்தும் கவலை சிறிது; குளிர்காலத்துத் தில்லிக் காற்றில் ஈரம் குறையும் நண்பகல் நேரத்தில் நிழலிலேயே நன்கு உலரும். அங்குள்ள இடர் வேறு. குளிருக்கு அஞ்சிக் கீஸர் நீரிற் கழுவுவதும், விரைவில் காயவேண்டி ஹீட்டர் முன் வைப்பதும் அவ்வூர்ப் பழக்கம். கைவிறைக்காத அளவுக்கு மட்டும் வெந்நீர் கலந்த நீரில் கழுவி, அலசும் நீரையும் அதே இளஞ்சூட்டில் எடுத்துக்கொண்டால், கையும் பிழைக்கும், கம்பளியும் பிழைக்கும். கீஸர் நீரில் கழுவிய கையோடே குழாயின் பனிநீரில் அலசுவதுதான் அங்கே பல காலணிகளைச் சுருக்கியிருக்கிறது.